ஈரலே சொல்லட்டும்

2025 ஜனவரி 17, இரவு ஒன்பதரை மணி. ஹைதராபாத்தின் எல்.பி. நகரிலிருந்து மெட்ரோ ரயில் ஒன்று லக்டி-கா-புல்லை நோக்கிக் கிளம்பியது. அதில் சில மருத்துவர்களும், அவர்கள் கையில் ஒரு பெட்டியும். பெட்டிக்குள் ஒரு மனித இதயம். 13 நிலையங்கள், 13 கிலோமீட்டர், 13 நிமிடம். அந்த வேளையில் அதே தூரத்தைக் காரில் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த ஊர்ச் சாலையில் ஒரு மாலை மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். 2021 பிப்ரவரியிலும் நாகோலிலிருந்து ஜூபிலி ஹில்ஸுக்கு ஓர் இதயம் இப்படித்தான் மெட்ரோவில் போனது.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். யாரோ முகம் தெரியாத ஒருவருக்காக ஓர் ஊரே வழிவிட்டு நிற்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வரும். ஓடிப் போய்ச் சேர்ந்த உறுப்புகளைப் பற்றிப் படிக்கிறோம். ஓட்டமே தொடங்காமல் நின்றுபோனவை?

அப்படி நிற்பவற்றில் கல்லீரல் நிறைய. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும். இன்னொரு மருத்துவமனையில் ஈரல் கெட்டுப்போன ஒருவருக்குப் போன் போயிருக்கும்: "எதுவும் சாப்பிடாதீங்க, உடனே கிளம்பி வாங்க." அவரும் மாதக்கணக்காகத் தயாராக வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வந்து, ரத்தம் கொடுத்து, பட்டினியாகப் படுத்திருப்பார். நள்ளிரவு தாண்டி மருத்துவர் வந்து, "இந்த ஈரல் சரியில்லை, அடுத்ததுக்குப் பார்க்கலாம்" என்பார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் "சரியில்லை" எப்படித் தீர்மானமாகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தானம் கொடுத்தவரின் வயிற்றைத் திறந்ததும் அறுவை மருத்துவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். நல்ல ஈரல் ஆழ்ந்த செம்பழுப்பு நிறம். விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கும். கொழுப்பு ஏறிய ஈரல் மஞ்சள் தட்டியிருக்கும். விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். கையால் தூக்கிப் பார்க்கிறார். கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார்; அழுத்திய இடம் பழையபடி எழும்பி வருகிறதா, குழிந்தே நிற்கிறதா என்று கவனிக்கிறார். சந்தேகம் இருந்தால் கடுகளவு வெட்டி நுண்ணோக்கிக்கு அனுப்புகிறார். ஐசியு அறிக்கையில் ரத்த அழுத்தம் எத்தனை முறை விழுந்தது, சோடியம் எவ்வளவு ஏறியது, ஈரல் என்சைம்கள் எப்படி என்பதெல்லாம் இருக்கும். இவற்றையெல்லாம் மனதில் கூட்டிக் கழித்து, அந்த அகால வேளையில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பொருத்தியபின் ஈரல் வேலை செய்யாவிட்டால், சில நாட்களுக்குள் இன்னொன்று கிடைத்தாக வேண்டும்; கிடைக்காவிட்டால் நோயாளி பிழைப்பதில்லை. சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் இருப்பதுபோல் ஈரலுக்கு மாற்று எந்திரம் கிடையாது. அதனால் சந்தேகம் வந்தால் "வேண்டாம்" என்று சொல்வதே நியாயம். இதில் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வெளியிலிருந்து பார்க்கிறார். ஈரலின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க அவருக்கு வழியில்லாமல் இருந்தது.

ஹைதராபாத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகமும் ஏ.ஐ.ஜி. மருத்துவமனையும் சேர்ந்து அந்த ஊரின் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைச் சோதித்து, முடிவுகளை 2025-இல் வெளியிட்டன. 84 சதவீதம் பேரின் ஈரலில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. நாள் முழுக்க நாற்காலி, ராத்திரி ஷிப்ட், பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி. இவர்கள் இளம் வயதினர். நாளை சாலையில் அடிபட்டு மூளைச்சாவு அடையும் வயதும் பெரும்பாலும் அதுவே. ஈரல் தேவைப்படுபவர்களையும், கொடுக்க முடியாமல் போகும் ஈரல்களையும் ஒரே கொழுப்பு பெருக்கிக்கொண்டு போகிறது.

கொழுப்பு ஏறிய ஈரலுக்கு முதல் எதிரி ஐஸ் பெட்டி என்பது இன்னொரு வேதனை.

உடலிலிருந்து எடுத்த உறுப்பைக் குளிரவைத்துக் காப்பதுதான் இத்தனை ஆண்டுகளாக வழி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுத்தார்டும் 1980-களில் உருவாக்கிய ஒரு கரைசலைப் பாய்ச்சி, பையில் போட்டு, ஐஸில் வைத்தால் ஈரல் ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அந்தப் பெட்டியால் பிழைத்திருக்கிறார்கள். நான்கு டிகிரிக்கு இறக்கினால் செல்களின் வேலை பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். ஆனால் முழுதாக நிற்பதில்லை. ஆக்ஸிஜன் வராத அந்த நேரத்தில் செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் எரியாமல் சேர்ந்துகொண்டே போகும்.

சமையலறையில் அடுப்பு அணைந்துபோய், கேஸ் மட்டும் கசிந்துகொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் சாத்தியிருக்கிறது. மணிக்கணக்கில் அறை நிறைகிறது. பிறகு ஒருவர் வந்து தீக்குச்சி உரசுகிறார். ஈரலைப் புதிய உடலில் பொருத்தி, கவ்வியை எடுத்து, சூடான ரத்தத்தைத் திறந்துவிடும் கணம் அந்தத் தீக்குச்சி. சேர்ந்திருந்த சக்சினேட் ஒரே மூச்சில் எரிகிறது. ஆக்ஸிஜனின் நச்சுத் துணுக்குகள் வெடித்துக் கிளம்பிச் செல்களைச் சுடுகின்றன. நல்ல ஈரல் இதைத் தாங்கிக்கொள்கிறது. கொழுப்புக் குமிழிகளால் உப்பிய செல்கள் ஏற்கெனவே பக்கத்து ரத்தக் குழாய்களை நெருக்கிக்கொண்டிருக்கும். அங்கே ரத்தமும் சரியாக ஓடாது, வெடிப்பும் அதிகம். அதனால்தான் கொழுத்த ஈரல் என்றதும் மருத்துவர் கையை எடுத்துவிடுகிறார்.

எந்திரப் பாய்ச்சல் என்ற யோசனை இங்கேதான் வருகிறது. உறுப்பைத் தூங்கவைக்க வேண்டாம். உடலுக்கு வெளியே, எந்திரத்தில் பொருத்தி, ரத்தம் ஓடவிட்டு, உயிரோடு வைத்திருப்போம்.

யோசனை புதிதில்லை. அட்லான்டிக்கைத் தனியே விமானத்தில் கடந்த சார்ல்ஸ் லிண்ட்பெர்க் 1930-களில் ஒரு கண்ணாடிப் பம்ப் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. மனைவியின் அக்காவுக்கு இதய வால்வு கெட்டிருந்தது. ஏன் நிறுத்தி ரிப்பேர் செய்யக்கூடாது என்று கேட்கப் போய், நோபல் பரிசு பெற்ற மருத்துவர் அலெக்சிஸ் காரெலிடம் சேர்ந்தார். 1935-இல் இருவரும் ஒரு பூனையின் தைராய்டு சுரப்பியை அந்தப் பம்ப்பில் நாட்கணக்கில் உயிரோடு வைத்துக் காட்டினார்கள். ஆனால் ஈரல் தைராய்டு இல்லை. ஒன்றரைக் கிலோ எடை. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் கேட்கும். அதையும் தமனி, போர்ட்டல் சிரை என்ற இரண்டு வாசல் வழியாகக் கேட்கும். ஐஸ் பெட்டியோ மலிவு, எளிது, தூக்கிக்கொண்டு ஓடலாம். பல பத்தாண்டுகள் அதுவே ஜெயித்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஃபிரெண்ட் என்ற அறுவை மருத்துவரும் கான்ஸ்டன்டின் கூசியோஸ் என்ற பொறியியலாளரும் பல ஆண்டு உழைத்துச் செய்த எந்திரத்தில் வைத்த ஈரல் முதல்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது 2013 பிப்ரவரியில், லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில்.

அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஒரு தள்ளுவண்டி உயரம். மேலே ஒரு கிண்ணம். அதில் பையிலிருந்து எடுத்த ஈரல், சாம்பல் ஓடிய வெளிறிய நிறத்தில் சில்லென்று கிடக்கிறது. தமனியில் ஒரு குழாய், போர்ட்டல் சிரையில் ஒரு குழாய், ரத்தம் வெளியேற ஒன்று, பித்த நாளத்தில் மெல்லியதாக ஒன்று. ரத்த வங்கியிலிருந்து வந்த சிவப்பணுக்கள், உறையாமலிருக்க ஹெபாரின், ஆன்டிபயாடிக், இன்சுலின், குளுக்கோஸ், பித்த உப்பு எல்லாம் கலந்து 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஆக்ஸிஜன் ஏற்றிச் சுற்றவிடுகிறார்கள். தமனிக்குப் பம்ப் தள்ளும் அழுத்தத்தில் போகிறது. போர்ட்டல் சிரைக்கு மேலிருந்து மெதுவாக இறங்குகிறது, உடலில் நடப்பதைப் போலவே.

சில நிமிடங்களில் நிறம் திரும்புகிறது. திட்டுத் திட்டாகச் சிவப்பு பரவி, கடைசியில் ஒரே செம்பழுப்பாகிறது. தொட்டால் வெதுவெதுப்பு. பிறகு மெல்லிய குழாயின் முனையில் ஒரு சொட்டு திரள்கிறது, அடர்ந்த பச்சை கலந்த பொன்னிறத்தில். பித்தம். உடலும் இல்லை, மூளையும் இல்லை, வயிற்றில் சோறும் இல்லை. அந்த ஈரல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. "ஈரக்குலை நடுங்குது" என்று சொல்லும் மொழி நம்முடையது. பயமும் பாசமும் ஈரலில்தான் குடியிருக்கின்றன என்று நம் பாட்டிகள் எப்படியோ முடிவுகட்டியிருந்தார்கள். தனியே ஒரு கிண்ணத்தில் கிடந்து பித்தம் சுரக்கும் ஈரலை அவர்கள் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் விசாரணை. ஆக்ஸிஜன் இல்லாமல் கிடந்த திசுக்களில் லாக்டேட் என்ற அமிலக் கழிவு சேர்ந்திருக்கும். அதைத் தின்று தீர்ப்பது ஈரலின் அன்றாட வேலை. ஆகவே சுற்றும் ரத்தத்தில் அரை மணிக்கொரு துளி எடுத்து லாக்டேட் எவ்வளவு என்று பார்த்தால், ஈரல் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டேரியஸ் மிர்சா, ஹைனெக் மெர்கென்டால் குழுவினர் ஒரு விதி வகுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட் 2.5-க்குக் கீழே இறங்க வேண்டும். கூடவே பித்தம் சுரப்பது, சர்க்கரையைக் கையாள்வது, அமிலத்தன்மை சீராவது, ரத்தம் தடையில்லாமல் பாய்வது போன்றவற்றில் இரண்டிலாவது தேற வேண்டும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஈரல்கள் சாதாரணமானவை இல்லை. நாட்டின் எல்லா மையங்களும் பார்த்து வேண்டாம் என்று தள்ளியவை. அப்படி 31 ஈரல்களை எந்திரத்தில் வைத்தார்கள். 22 தேறின. அவற்றை 22 பேருக்குப் பொருத்தினார்கள். தொண்ணூறு நாள் கழித்து 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். இதைச் சொல்லும் ஆய்வுக் கட்டுரை 2020-இல் வந்தபோது நான் அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். வெளியே எறியப்பட்டிருக்க வேண்டிய 22 ஈரல்கள். தேறாத ஒன்பதும் வீண் இல்லை. எந்திரம் இல்லாமல் யாராவது துணிந்து அவற்றைப் பொருத்தியிருந்தால், அது ஒன்பது பேரின் உயிரோடு விளையாடியதாகியிருக்கும்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அந்த 22 பேரில் நால்வருக்குப் பின்னால் பித்த நாளங்கள் சுருங்கிப்போய், மறுபடியும் வேறு ஈரல் பொருத்த நேர்ந்தது. ஈரல் செல்லுக்கு இரண்டு வாசல் வழியாகவும் ரத்தம் வரும். பித்த நாளத்துக்குத் தமனி ஒன்றுதான் கதி. அதனால் அது சீக்கிரம் பட்டினியில் வாடும், மெதுவாகத்தான் தேறும். லாக்டேட் நன்றாக இருக்கும்போதே நாளம் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கலாம். கேம்பிரிட்ஜில் கிறிஸ் வாட்சன் குழு இதற்கும் ஒரு கேள்வி கண்டுபிடித்தது: சுரக்கும் பித்தத்தின் காரத்தன்மையைப் பார். ஆரோக்கியமான நாளம் பித்தத்தைக் காரமாக்கும். செத்த நாளத்தால் முடியாது.

நெதர்லாந்தின் குரோனிங்கெனும் சுவிட்சர்லாந்தின் சூரிக்கும் வேறு வழியில் போயின. குளிரிலேயே வைத்திரு, ஆனால் கடைசி ஓரிரு மணி நேரம் ஆக்ஸிஜன் கலந்த குளிர்நீரைப் பாய்ச்சு என்றார்கள். அந்தக் கேஸ் நிறைந்த சமையலறைக்குத் திரும்புங்கள். தீக்குச்சியை உரசும் முன் ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். சக்சினேட் குளிரில் மெல்ல மெல்ல எரிந்து தீர்கிறது, வெடிப்பதில்லை. இதயம் நின்றபின் தானமாகக் கிடைத்த ஈரல்களில், தொல்லை தரும் அளவுக்குப் பித்த நாளம் சுருங்குவது 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கியது என்று 2021-இல் நெதர்லாந்துக் குழு காட்டியது. எனக்குப் பிடித்தது இந்த எளிமை: இதற்கு ரத்தமும் வேண்டாம், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளும் வேண்டாம். ஆனால் ஈரலிடம் கேள்வி கேட்கச் சூடான எந்திரத்தின் அளவுக்கு இதில் இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யலாமே என்று இப்போது செய்கிறார்கள்.

சூரிக்கில் பியர் அலன் கிளாவியன் குழு இன்னும் ஒரு படி போனது. அவர்கள் எந்திரத்தில் டயாலிசிஸ் உண்டு, கணையத்தின் வேலைக்கு இன்சுலினும் குளுக்ககானும் உண்டு. நாம் மூச்சுவிடும்போது உதரவிதானம் ஈரலை மேலும் கீழும் அசைக்கும் அல்லவா? ஒரே இடத்தில் கிடந்தால் அழுத்தம் பட்டுச் சதை செத்துவிடும் என்று, ஈரலுக்குக் கீழே மெத்தென்ற விரிப்பு ஒன்றை மூச்சின் தாளத்தில் அசையவைத்தார்கள். தாய் மடி ஆட்டுவது போல. எந்த மையமும் ஏற்காத ஓர் ஈரலை அப்படி மூன்று நாள் வைத்திருந்து, அதிலிருந்த கட்டி புற்று இல்லை என்று சோதித்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, 2021 மே மாதம் ஒருவருக்குப் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்தும் அவர் நலமாக இருந்தார்.

மூன்று நாள் என்றால் ஈரலுக்கு வைத்தியமே பார்க்கலாம். பர்மிங்ஹாமில் கொழுத்த ஈரல்கள் 10-ஐ எடுத்து, கொழுப்பைக் கரைக்கும் மருந்துக் கலவையை அவற்றில் பாதிக்குப் பாய்ச்சியபோது, ஆறே மணி நேரத்தில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவை யாருக்கும் பொருத்தப்படவில்லை, சோதனை நிலைதான். ஆனால் மாதக்கணக்கில் நடந்தும் பட்டினி கிடந்தும் குறைக்க வேண்டியதை ஒரு பகல்பொழுதில் குறைக்கலாம் என்றால், ஹைதராபாத்தின் அந்த 84 சதவீதம் எனக்குப் பழைய பயத்தோடு தெரிவதில்லை.

ஹைதராபாத்துக்கு இந்த எண்ணம் அந்நியமும் இல்லை. 2021 டிசம்பரில் அங்கே கிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சந்தீப் அத்தாவர் குழுவினர் நாட்டிலேயே முதலாக "மூச்சுவிடும் நுரையீரல்" மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். தானமாக வந்த நுரையீரலை ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, சத்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த நீரைப் பாய்ச்சி, காற்றை ஊதி மூச்சுவிடச் செய்து, தேறிய பின் பொருத்தினார்கள். கனடாவின் டொரொன்டோவில் வளர்ந்த முறை அது. நுரையீரலுக்குச் செய்யத் தெரிந்த ஊருக்கு ஈரல் தூரமில்லை. தானத்திலும் அந்த ஊர் முன்னே நிற்கிறது. பஞ்சாகுட்டாவில் நிம்ஸ் வளாகத்திலிருந்து இயங்கும் ஜீவன்தான் என்ற உறுப்பு தானத் திட்டத்தின் வழியே, 2023-இல் தெலங்கானாவில் 252 குடும்பங்கள் மூளைச்சாவு அடைந்த தங்கள் உறவின் உறுப்புகளைக் கொடுத்தன. அந்த ஆண்டு இந்தியா முழுவதிலும் 1,099. ஏறக்குறைய நான்கில் ஒன்று அந்த ஒரு மாநிலத்திலிருந்து. அப்படியும் பத்து லட்சம் பேருக்கு ஒரு கொடையாளர்கூட நாட்டுக்குத் தேறவில்லை. ஸ்பெயினில் 48-க்கு மேல்.

அதனால்தான் நம் நாட்டில் நடக்கும் ஈரல் மாற்றுகளில் முக்கால்வாசிக்கு மேல், உயிரோடு இருப்பவரின் வயிற்றைத் திறந்து, ஈரலில் பாதியையோ அதற்கு மேலோ வெட்டி எடுத்து நடக்கின்றன. கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா, மகள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நோயே இல்லாத ஒரு பெண் ஆபரேஷன் மேஜையில் படுத்து, நெடுந்தழும்போடு எழுந்து வருகிறாள். எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெண்களைத்தான் நான் முதலில் நினைக்கிறேன். ஒதுக்கப்பட்ட ஓர் ஈரல் எந்திரத்தில் தேறி எழுந்தால் இரண்டு உடல்கள் தப்பிக்கின்றன: பெறுபவருடையது ஒன்று, கத்தி படாமலே வீட்டில் இருந்துவிடும் மனைவியுடையது இன்னொன்று.

செலவு பெரிது. ஒவ்வொரு ஈரலுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் குழாய்த் தொகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. பல லட்சம் ரூபாய். இந்தியாவில் சில பெரிய மையங்களில்தான் இது புழக்கத்துக்கு வந்திருக்கிறது. மூசி நதிக் கரையில் உள்ள உஸ்மானியா அரசு மருத்துவமனையில் டாக்டர் மதுசூதன் குழுவினர் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில் ஏழைகளுக்கு ஒரு பைசா வாங்காமல் ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்துவருகிறார்கள். எந்திரம் போக வேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஊருக்குப் பொதுவாக ஓர் எந்திரம், அதற்கென்று பழகிய நான்கு பேர், ஒதுக்கப்பட்ட ஈரல் எங்கிருந்து வந்தாலும் வாங்கிவைத்துச் சோதிக்க ஓர் அறை. இதயத்துக்காக மெட்ரோவை ஓடவிட்ட ஊரால் இதையும் செய்ய முடியும்.

அப்படி ஓர் அறை இருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போகும். மஞ்சள் தட்டிய ஈரல் வருகிறது. யாரும் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. கிண்ணத்தில் வைத்து ரத்தத்தைத் திறக்கிறார்கள். இரண்டாம் மணி, மூன்றாம் மணி. ஒரு செவிலியர் துளி எடுத்துக் கருவியில் வைத்து எண்ணைச் சொல்கிறார். நான்காம் மணிக்கு லாக்டேட் 2-க்குக் கீழே. குழாயில் பித்தம். அதன் பிறகுதான் ஒருவர் போனை எடுத்து, ஊரில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த மனிதரின் எண்ணைப் போடுகிறார். அவசரமில்லை, விடிந்ததும் வந்தால் போதும். எதுவும் சாப்பிடாமல் வரவேண்டும்.